பரியின் உருவம், நரியின் குரல்

திருவாதவூரில் பிறந்த ஒருவர் குதிரை வாங்கப் போன கதை மதுரைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அரிமர்த்தன பாண்டியன் கருவூலத்தைத் திறந்து பொன் கொடுத்தான். அமைச்சர் வாதவூரர் அதைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். பிற்பாடு மாணிக்கவாசகர் ஆனவர் அவர்தான். குதிரை எங்கே என்று அரசன் நெருக்க, சொக்கநாதர் காட்டு நரிகளைப் பரிகளாக்கித் தாமே குதிரைச் சேவகராக ஓட்டிக்கொண்டு வந்தார். திருவிளையாடற் புராணத்தில் இது 59ஆவது படலம். மீனாட்சி கோயில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றைக்கும் இந்த லீலை உண்டு.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த படலம். பாண்டியனின் ஆட்கள் ஏமாளிகள் இல்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துத்தான் குதிரைகளை லாயத்தில் கட்டினார்கள்: நிறம், நடை, பிடரி, சுழி. எதிலும் குறை இல்லை. நள்ளிரவில் லாயத்திலிருந்து ஊளை கிளம்பிய பிறகுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தப்பியதைக் குரல் காட்டிக்கொடுத்தது.

இந்தக் கதை எனக்கு ஞாபகம் வந்தது திருவாதவூரிலிருந்து ஒத்தக்கடை வழியாக மாட்டுத்தாவணிக்குப் போகும் பஸ்ஸில். பக்கத்தில் அக்கா மகன். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தால் எலக்ட்ரிக் கிட்டார் என்று வாக்குக் கொடுத்தது அவன் அப்பா; கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுக்கும் வேலை மாமாவுக்கு. 15,000 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். பையன் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டே வந்தான். கறுப்பில், 'வி' எழுத்து வடிவத்தில் ஒன்று. நீலத்தில், கிணற்றுத் தண்ணீருக்குள் வெயில் நெளிவதுபோல் மரவரி ஓடும் ஒன்று. செம்பழுப்பில் சாதாரணமாக ஒன்று. அதை மட்டும் வேகமாகத் தள்ளிவிட்டான்.

"சத்தம் எப்படி இருக்கும் மாப்ள?"

"செமையா இருக்கும் மாமா. பாருங்களேன்."

கேளுங்களேன் என்று சொல்லவில்லை.

*

கிட்டாரின் உள்ளே போவதற்கு முன்னால் ஒரு பழக்கத்தைக் கழற்றி வைக்க வேண்டும். நம் காதுக்கு அது கொஞ்சம் கஷ்டம். வாத்தியம் என்றால் மரம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தஞ்சாவூர் வீணைக்குப் பலா, மிருதங்கத்துக்கும் பலா. அந்த நம்பிக்கையில் பிழையும் இல்லை. வீணையின் தந்தி மெல்லியது. தனியாக ஆடினால் அது தள்ளும் காற்று ஒரு கூடத்துக்குப் போதாது. தந்தியின் அதிர்வைக் குதிரை வாங்கிக் குடத்தின் மேல்பலகையிடம் கொடுக்கிறது. பலகை அகலமானது, அதனால் நிறையக் காற்றைத் தள்ள முடிகிறது. நம் காதில் விழுவது பெரும்பாலும் பலகையின் ஆட்டம். ஆகவே மரம் மாறினால் குரல் மாறும். (தந்தியைத் தாங்கும் அந்தச் சின்னத் துண்டுக்குக் குதிரை என்று யார் பெயர் வைத்தார்களோ, இந்தக் கட்டுரைக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார்கள்.)

எலக்ட்ரிக் கிட்டாரில் காரியம் தலைகீழ். கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்ற பட்டை இருக்கும். அதற்குள் காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றித் தலைமுடிபோல் மெல்லிய செப்புக் கம்பி, ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. பழைய சைக்கிள் டைனமோவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புரிந்துவிடும். டைனமோவில் சக்கரத்தோடு காந்தம் சுழலும், சுருளில் மின்சாரம் வரும். இங்கே காந்தமும் சுருளும் அசைவதில்லை. மேலே இருக்கிற எஃகுக் கம்பிதான் காந்தப் புலத்துக்குள் ஆடி அதைக் கலைக்கிறது. கலைகிற வேகத்துக்கு ஏற்பச் சுருளில் ஒரு சின்ன மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட அதே விதி. அந்தத் துளி மின்னழுத்தத்தை ஆம்ப்ளிஃபயர் பெருக்கி ஸ்பீக்கரை ஆட்டுகிறது.

இதில் பிக்கப் கேட்கிற ஒரே விஷயம் எஃகின் ஆட்டம். அதே பிக்கப்புக்கு மேலே நைலான் கம்பியைக் கட்டி மீட்டுங்கள், ஆம்ப் வாயைத் திறக்காது. மரத்தின் வாசனையோ பெயின்டின் பளபளப்போ அந்தச் சுருளை எட்டுவதில்லை. எனவே உள்ளே கூடு இல்லாத சாலிட் பாடி கிட்டாரில் மரத்துக்கு இருக்கிற முதல் வேலை, பாடுவது அல்ல, சும்மா இருப்பது. கனமான, விறைப்பான உடம்பு கம்பியின் ஆற்றலை வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பினால் கம்பி நீண்ட நேரம் ஒலிக்கும்.

இது தெரிந்தே சிலர் மரத்தை விட்டு விளையாடியிருக்கிறார்கள். 1930களின் தொடக்கத்தில் வந்த ரிக்கன்பேக்கரின் எலக்ட்ரிக் கிட்டார் முழுக்க அலுமினிய வார்ப்பு; பார்க்க வாணலி மாதிரி இருந்ததால் வாணலி என்றே பெயர் நிலைத்தது. குயின் குழுவின் பிரையன் மே இன்று வரை வாசிக்கிற கிட்டாரை 1960களில் அவரும் அவர் அப்பாவும் வீட்டில் செய்தார்கள்: கழுத்து ஒரு பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், உள்ளே மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்த சாட்சி அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் மரக்கட்டை. 1940ஐ ஒட்டி, நாலங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் கம்பியும் பிக்கப்பும் பூட்டி ஒரு கிளப்பில் வாசித்தார் அவர். கூட்டம் கண்டுகொள்ளவில்லை. திரும்பிப் போய் ஒரு சாதாரண கிட்டாரை இரண்டாக அறுத்து, கட்டையின் இரண்டு பக்கமும் சிறகுபோல ஒட்டிக்கொண்டு வந்தார். சத்தம் வந்தது அதே நடுக்கட்டையிலிருந்துதான். இந்த முறை கூட்டத்துக்குப் பிடித்துப்போனதாக அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். சிறகுகள் கண்ணுக்காக ஒட்டியவை.

மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உடம்பைவிடக் கழுத்துக்குப் பங்கு அதிகம். நீளமும் மெலிவுமாக இருப்பதால் கழுத்து தானும் கொஞ்சம் ஆடும். அதன் இயல்பான ஆட்டமும் ஒரு குறிப்பிட்ட சுரமும் ஒத்துப்போனால் அந்தச் சுரத்தின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிவிடும், சுரம் சட்டென்று சாகும். விலையுயர்ந்த கிட்டார்களிலும் இப்படிச் செத்த இடங்கள் உண்டு. ஆனால் கடைக்காரர் "இது மஹோகனி சார், அதான் இந்த விலை" என்று சொல்லும்போது அவர் விற்பது பெரும்பாலும் பார்வையையும் பாரத்தையும்தான்.

மரமே குரலாக இருக்கிற அக்கூஸ்டிக் கிட்டாரில்கூட இந்தப் பேச்சு முழுக்க எடுபடவில்லை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறு வேறு மரம். மற்றபடி ஒரே கைவினைஞர் ஒரே மாதிரி செய்த ஆறு கிட்டார்கள். 52 கலைஞர்கள் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு மங்கிய வெளிச்சத்தில் வாசித்து மதிப்பெண் போட்டார்கள். கிடைப்பதற்கரிய பிரேசில் ரோஸ்வுட்டும் மலிவான சப்பேலியும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணில் வந்து நின்றன. அந்த ஆறில் ஒன்று இந்திய ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்தி. ஈட்டி என்றும் சொல்வோம். உலகத்தில் எத்தனையோ கிட்டார்களின் விரல்பலகை இந்த மரம்தான். 2017இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தம் இந்த இனத்து மரங்கள் எல்லாவற்றின் வணிகத்துக்கும் கட்டுப்பாடு போட்டதும் பெரிய நிறுவனங்கள் பல மாடல்களில் வேறு மரத்துக்கு மாறின. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இல் விலக்கு வரும் வரை இந்தத் திண்டாட்டம் இருந்தது. அந்த இடைவெளியில் வந்த பாட்டுகளைக் கேட்டு, இது தோதகத்தி இல்லை என்று யாரும் கண்டுபிடித்ததாக நான் கேள்விப்படவில்லை.

*

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா? கண் அவ்வளவு லேசில் வழிவிடாது.

பியானோ பயின்றவரும் உளவியலாளருமான சியா-ஜங் ட்சே 2013இல் ஒரு சோதனையை வெளியிட்டார். இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றில் வந்த மூன்று பேரில் ஜெயித்தவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஒரு கூட்டத்துக்கு ஒலி மட்டும். இன்னொரு கூட்டத்துக்குச் சத்தம் இல்லாத வீடியோ மட்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒன்று சரியாக வரும். ஒலி கேட்டவர்கள் அதைத் தாண்டவில்லை. ஊமைப் படம் பார்த்தவர்கள் பாதியை நெருங்கினார்கள். இசைக் கலைஞர்களும் இதற்கு விலக்கில்லை. பின்னால் வேறு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்து பார்த்து, முடிவு மறுபடியும் வருகிறது என்றாலும் எந்த வீடியோக்களைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ரொம்பவே மாறுகிறது என்று சொன்னார்கள். அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனாலும் கச்சேரிக்குப் போய் வந்து "என்னமா கேட்டுது" என்று சொல்லும்போது அதில் கண்ணின் பங்கு எவ்வளவு என்று நமக்கே தெரியாது என்பது மட்டும் உறுதி.

நம்மூர் சபாக்கள் இதை வேறு விதமாகப் பார்த்திருக்கின்றன. 1980களின் தொடக்கத்தில் யு. ஸ்ரீநிவாஸ் என்ற சிறுவன் சென்னை மேடையில் உட்கார்ந்தபோது அவன் மடியில் இருந்தது பொம்மைபோல் ஒரு எலக்ட்ரிக் மாண்டலின். வழக்கமான மாண்டலினின் நாலு ஜோடிக் கம்பிக்குப் பதில் ஐந்து ஒற்றைக் கம்பி. குடமும் இல்லை, யாளி முகமும் இல்லை. இதிலா கர்நாடக சங்கீதம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக்குக்குப் போனதற்குக் காரணம் இயற்பியல்தான்: சாதாரண மாண்டலினில் சுரம் உடனே அடங்கிவிடும், கமகத்தை இழுக்கும் வரை நிற்காது. சும்மா இருக்கிற மரமும் ஆம்ப்பும் சேர்ந்தால் நிற்கும். காது ஒப்புக்கொண்ட பிறகு கண்ணும் ஒப்புக்கொண்டது. அதே வழியில் பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டாரிலேயே ராகம் தானம் பல்லவி வாசிக்கிறார்.

*

மதுரையில் கடை முதல் மாடியில். ஏறினதும் பையன் நேராக 'வி'யிடம் போனான். மடியில் வைத்தான்; அது வழுக்கிக்கொண்டு கீழே போனது. தூக்கி வைத்தான், மறுபடி வழுக்கியது. கிப்சன் நிறுவனம் 1958இல் இந்த வடிவத்தைக் கொண்டுவந்தபோது முதல் இரண்டு ஆண்டில் நூறுகூட விற்கவில்லை. நின்றுகொண்டு வாசிக்கிறவனுக்கு அது நல்ல கிட்டார். திண்ணையில் உட்கார்ந்து பழக வேண்டியவனுக்கு இல்லை. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வளைவு பார்க்க அழகு என்கிறோம். அது 1954இல் அப்படி வந்ததற்குக் காரணம், முந்தைய மாடலின் விளிம்பு விலா எலும்பில் குத்துகிறது என்று வாசிப்பவர்கள் புலம்பியது.

நான் பையனைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது நாலு கார்டு. இந்தச் சோதனைக்கு அது போதும். மூன்று கிட்டாருக்கும் ஒரே ஆம்ப், ஒரே ஒயர். ஒன்றில் மட்டும் ரொம்பக் கவனமாக இருந்தேன்: ஒலியளவு. இரண்டு ஒலிகளில் சற்றே பலமானதை நம் காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். டிவி விற்கிறவர் பிரகாசத்தைக் கூட்டி வைப்பதுபோல. ஆகவே போனில் டெசிபல் அளக்கும் ஆப் போட்டு மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன்.

'வி'யை ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னான். அதில் ஆச்சரியம் இல்லை, அதில் இருப்பது ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப். ஒற்றைச் சுருள் பிக்கப் கம்பியின் ஆட்டத்தோடு வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் பிடித்துவிடும். சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் சூழ்ந்த திருவிழா மேடையில் அது வண்டு மாதிரி இரையும். 1955இல் கிப்சனின் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வருகிற ரீங்காரம் இரண்டிலும் எதிர்க்குறியோடு வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் சமிக்ஞை மட்டும் கூடும். கூடவே உச்சத்தில் இருக்கிற மினுமினுப்பும் கொஞ்சம் போகும். ஆக அந்தக் குரல் தடிமன்.

நீலத்திலும் பழுப்பிலும் கழுத்துப் பக்கம் இருப்பது ஒற்றைச் சுருள். அந்த இரண்டை மட்டும் வைத்து எட்டு முறை மாற்றி மாற்றி வாசித்தேன். நாலு சரி, நாலு தப்பு. காசைச் சுண்டியிருந்தாலும் அதே கணக்குத்தான். விலையில் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம்.

"ரெண்டும் ஒண்ணுதானா மாமா?" திரும்பியபோது அவன் முகம் விழுந்துவிட்டது. நீலத்தின் அந்த நெளிவரியை நகத்தால் ஓரத்தில் தடவிப் பார்த்தேன். பெயின்டுக்கு அடியில் ஒட்டிய அச்சுப் படலம். மரவரியின் போட்டோ.

நரி என்று அதைச் சொல்ல மாட்டேன். ஊளை இல்லையே.

பிறகு காட்டினேன், உண்மையில் குரல் மாறுகிற இடங்களை. பிக்கப்பை மாற்றும் ஐந்து நிலை ஸ்விட்சை ஒரே கிட்டாரில் முன்னும் பின்னும் தள்ளச் சொன்னேன். குதிரைப் பக்கத்துப் பிக்கப்பில் குரல் கீச்சென்று கூர்மை. கழுத்துப் பக்கம் போனால் உருண்டை. காரணம் எளிது. கம்பி முழுசாகவும் ஆடும். அரையாக, மூன்றில் ஒன்றாக, நாலில் ஒன்றாகப் பிரிந்தும் ஆடும். இந்த எல்லா ஆட்டங்களின் கலவைதான் சுரம். கம்பியின் நாலில் ஒரு பங்கு தூரத்தில் பிக்கப்பை வைத்தால், நாலாகப் பிரிகிற ஆட்டத்துக்கு அந்த இடத்தில் அசைவே இல்லை. பிக்கப்புக்கு அது கேட்காது. பிக்கப்பைச் சில அங்குலம் நகர்த்துவது, மரத்தை மாற்றுவதைவிடப் பல மடங்கு குரலை மாற்றும். பிக்கப் உயரத்தை ஸ்குரூ டிரைவரால் ஒரு சுற்றுச் சுற்றினாலும் மாறும். புதுக் கம்பி போட்டால் இன்னும் மாறும். நம் ஊர் வியர்வைக்குக் கம்பி சீக்கிரம் மங்கிப்போகும்.

வாங்கும்போது திருத்த முடியாத ஒன்று உண்டு, அது ஃப்ரெட்டுகளின், அதாவது விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளின் இடம். கம்பி நீளம் 648 மில்லிமீட்டர் என்றால் முதல் ஃப்ரெட், தலைப் பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து 36.4 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். அங்கிருந்து ஒவ்வொன்றும் மிச்ச நீளத்தை 1.0595 ஆல் வகுத்துக்கொண்டே போகும். பன்னிரண்டாவது சரியாகப் பாதியில். இப்போது இயந்திரம் வெட்டுவதால் மலிவான கிட்டாரிலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் வாங்கிய முதல் கிட்டாருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது எந்தச் சுருதியிலும் சேராது; நான்தான் ஞானசூனியம் என்று இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் இவ்வளவு நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இந்தப் பழுப்பு மாடலே சிவப்புல ஒண்ணு குடோன்ல கெடக்கு. கொண்டாரச் சொல்லவா?" பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சிவப்பு வந்தது. 1950களில் ஃபெண்டர் தன் வண்ணக் கிட்டார்களுக்குக் கார் பெயின்ட்டைத்தான் அடித்தது. ஃபோர்டு தண்டர்பேர்டின் சிவப்பு அதில் ஒன்று. இது அந்தச் சிவப்பின் ஏழைத் தம்பி. ஆனால் வாசித்தால் முதல் ஃப்ரெட்டில் எல்லாச் சுரமும் ஏறிப்போயிற்று. ட்யூனர் ஆப்பில் வெறுங்கம்பி சரி. முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் 15 சென்ட் கூடுதல், அதாவது அரைச்சுரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு. நட்டின் பள்ளங்கள் ஆழம் போதவில்லை. கம்பி உயரத்தில் நிற்கிறது, அழுத்தும்போது இழுபட்டு விறைக்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி மூன்று மில்லிமீட்டருக்கு மேலே தொங்கியது. இரண்டுக்குள் இருந்தால் பழகுகிற விரலுக்கு நல்லது. கடையில் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் சன்ன அரத்தால் ஒவ்வொரு பள்ளத்தையும் ராவினார், கழுத்துக்குள் இருக்கிற கம்பியை ஆலன் கீ போட்டுக் கால் சுற்றுத் திருகினார், குதிரையை இறக்கினார். அரை மணி நேரம். அதற்குப் பிறகு அந்தக் கிட்டார், கடையில் அதைப்போல இரண்டு மடங்கு விலைக்குத் தொங்கிய ஒன்றைவிடக் கைக்கு இதமாக இருந்தது. மிச்சப் பணத்தில் பெரிய ஸ்பீக்கர் உள்ள ஒரு பழைய ஆம்ப். தடித்த கம்பியின் 82 ஹெர்ட்ஸைச் சின்ன ஸ்பீக்கரால் தள்ள முடியாது. கிட்டாரில் மிச்சம் பிடித்து ஆம்ப்பில் போடுவது என் கட்சி.

நீலத்தை வாங்கியிருந்தாலும் நான் சண்டை போட்டிருக்க மாட்டேன். சுவரில் மாட்டினால் அடிக்கடி கண்ணில் பட வேண்டும், பட்டால் எடுக்கத் தோன்ற வேண்டும். விரல் நுனி காய்க்கிற முதல் மூன்று மாதத்தில் பையனை அதன் பக்கம் இழுப்பது நிறமாகவும் இருக்கலாம். அழகுக்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை. அதைச் சத்தத்துக்கான விலை என்று நினைத்துக் கொடுக்கிறபோதுதான் பாண்டியன் லாயமாகிவிடுகிறது.

*

சாயங்காலம் திருவாதவூரில் வீட்டுத் தெருவே கூடிவிட்டது. ஆம்ப்பில் ஒயரைச் சொருகி, பையன் முதல் கார்டை அடிக்கக் கையை ஓங்கினான். கரண்டு போய்விட்டது.

அவன் விடவில்லை, இருட்டில் அப்படியே வாசித்தான். சிவப்பு தெரியவில்லை. கம்பிகள் கொசு மாதிரி முனகின. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அப்பத்தா கேட்டார்: "இம்புட்டுக் காசு குடுத்து இம்புட்டுத்தானாய்யா சத்தம்?"

நான் அவனைக் கூட்டிக்கொண்டு போய், கிட்டாரின் தலையை அந்தக் காலத்து மரப் பீரோவின் கதவில் அழுத்திவைத்து வாசிக்கச் சொன்னேன். தேக்குக் கதவு முழுக்க அதிர்ந்தது. கூடத்துக்குள் சுரம் தடதடவென்று இறங்கியது. உள்ளே எவர்சில்வர் டம்ளர்கள் சேர்ந்து குலுங்கின.

அப்பத்தா எழுந்து உட்கார்ந்தார். "இந்தா, இப்பக் கேக்குது. பீரோவா வாசிக்குது?"